அப்பாவின் திதிக்கு இரண்டு தேதிகள்: பஞ்சாங்கத்தைக் கணக்காகப் பார்ப்பவன் அதை நம்பவும் முடியுமா?

சாக்பீஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக இயற்பியல் நடத்தி வருகிறேன். என் தந்தை காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பங்குனி மாதத் தேய்பிறை அஷ்டமி அவருடைய திதி. ஆண்டுதோறும் அண்ணனும் நானும் சேர்ந்தே திதி கொடுத்து வந்தோம். இந்த ஆண்டு முதன்முறையாக எங்களுக்குள் மனத்தாங்கல் வந்துவிட்டது. அண்ணனும் எங்கள் குடும்பப் புரோகிதரும், பழைய வாய்ப்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி ஒரு நாளைக் குறித்தார்கள். இன்றைய வானியல் கணக்கின்படி அமைந்த, என் கைப்பேசியில் இருக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமோ அதற்கு முந்தைய நாள் பிற்பகலில்தான் அஷ்டமி இருப்பதாகக் காட்டியது. நான் அதைச் சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை, மெதுவாக ஒன்று கேட்டார்: "அளந்து பார்க்கிறவனுக்குத் திதி எதற்குடா?" அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

இதே சிக்கலை வகுப்பறையிலும் ஒருமுறை சந்தித்திருக்கிறேன். திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17 அன்று கும்ப ராசிக்குள் சென்றது. திருநள்ளாற்றில் வாக்கியப்படி அதே பெயர்ச்சிக்கான விழா அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று நடந்தது. பிளஸ் டூ மாணவி ஒருத்தி எழுந்து, "ஒரே கோள் ஒரே ராசிக்குள் பதினொரு மாத இடைவெளியில் இரண்டு முறை எப்படி சார் நுழையும்?" என்று கேட்டாள். "இரண்டும் வெவ்வேறு கணக்கு முறைகள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது விடையாகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் நாத்திகன் அல்லன். பிண்டம் வைக்கும்போது என் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் பொய்யில்லை. ஆனால் கரும்பலகையின் முன்னால் நிற்கும்போது, சோதித்துப் பார்க்க முடியாத எதையும் ஏற்காதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அறிவியலும் சமய நம்பிக்கையும் ஒன்றாக இருக்க முடியுமா என்ற பெரிய கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைகள்தாம் கிடைக்கின்றன என்பதால், என் வீட்டுக் கேள்வியாகவே கேட்கிறேன். இரண்டு நாள்களில் எது அஷ்டமி? கணக்குப்படி சரியான நாளில்தான் திதி கொடுப்பேன் என்று நான் நிற்பது நம்பிக்கையா, இல்லை நம்பிக்கையைக் கைவிட்டதன் அடையாளமா?

கோபுர நிழல் (மறுமொழி)

ஐயா, உங்கள் அண்ணனின் பக்கமிருந்து பேச யாராவது ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் கோயில் சார்ந்த குடும்பத்தில் பிறந்தவன்; கணிதம் படித்தவன் அல்லன்.

சடங்கின் காலத்தை வகுத்தது சாத்திரம், தொலைநோக்கி அன்று. திதியின் நீளத்துக்கு எங்கள் பெரியவர்கள் சொல்லும் வரையறை "பாண விருத்தி, ரஸ க்ஷயம்" என்பது. பாணம் ஐந்து, ரசம் ஆறு. அதாவது அறுபது நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்) கொண்ட ஒரு திதி மிகுந்தால் அறுபத்தைந்து நாழிகை வரை போகலாம், குறைந்தால் ஐம்பத்து நான்கு வரை வரலாம். வாக்கியத்தில் திதிகள் இந்த எல்லைக்குள் அடங்கும். திருக்கணிதத்திலோ ஐம்பது நாழிகைத் திதியும் வருகிறது, அறுபத்தேழு நாழிகைத் திதியும் வருகிறது. தர்ம சாத்திரத்தில் சிராத்தத்துக்கும் விரதத்துக்கும் சொல்லப்பட்ட விதிகள் எல்லாம் முதல் எல்லையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பது எங்கள் பக்கத்து வாதம். விதியை ஓரிடத்திலிருந்தும் திதியை வேறிடத்திலிருந்தும் எடுத்து ஒட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. தஞ்சாவூரில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருப்பதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவது. தஞ்சாவூர் அதற்கு மேற்கே மூன்று பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதற்காக நீங்கள் பள்ளி மணியைப் பதின்மூன்று நிமிடம் தாமதமாக அடிக்கச் சொல்வதில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து இயங்குவதற்காக ஒரு நேரத்தை ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். கோயிலும் ஊரும் வாக்கியத்தை ஒப்புக்கொண்டிருக்கின்றன. உங்கள் அண்ணன் கேட்பதும் அந்தச் சேர்ந்திருத்தலைத்தான் என்று நினைக்கிறேன். வானத்தின் உண்மையை அறியத் திதி கொடுப்பவர் யாருமில்லை.

நாழிகை வட்டில் (மறுமொழி)

ஆசிரியர் கேட்டது அஷ்டமி என்பதால் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி, ஏனெனில் இரண்டு பஞ்சாங்கங்களும் மிகவும் முரண்படுகிற இடங்களில் அது ஒன்று. அமாவாசையாக இருந்திருந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரிய கேள்விக்கான என் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக வெட்டியது. எனவே ராசிகளின் தொடக்கப் புள்ளியைப் பற்றிய அயனாம்சச் சண்டைக்கு அதில் இடமே இல்லை. ராசி எங்கே தொடங்குகிறது என்பது எதுவாக இருந்தாலும் இந்தக் கோணம் மாறாது. தேவையானது சந்திரன் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே, அதுதான் கடினம். சந்திரன் பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும் தொலைவில் போகும்போது தயங்கியும் செல்கிறது. இதற்காகப் பழைய கணிதம் ஒரே ஒரு திருத்தத்தை வைத்தது, அதன் உச்ச அளவு ஏறத்தாழ ஐந்து பாகை. உண்மையில் இந்தத் திருத்தத்தின் அளவு ஆறே கால் பாகைக்குச் சற்று அதிகம். அதோடு சூரியனின் ஈர்ப்பால் விளையும், ஒன்றே கால் பாகை அளவுள்ள இரண்டாவது ஏற்ற இறக்கம் ஒன்றும் இருக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவை ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் ஐந்து பாகை என்பது மிகச் சரியாகப் பொருந்துகிறது. அரை நிலவு நாளில், அதாவது அஷ்டமியை ஒட்டி, இரண்டும் கூடி ஏழரைப் பாகையாகிவிடுகின்றன. ஐந்துக்கும் ஏழரைக்கும் உள்ள இரண்டரைப் பாகைதான் உங்கள் வீட்டுச் சண்டை. சந்திரன் அந்த இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். அந்த ஐந்து மணி நேரம் சிராத்தத்துக்குரிய பிற்பகலில் விழுந்தால் சிராத்த நாள் மாறிவிடும்.

ஏன் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும் சரியாக வருகிறது? முன்னோர் கிரகணங்களைப் பார்த்துத்தான் கணக்கைச் சரிசெய்தார்கள், கிரகணம் அந்த இரண்டு நாள்களில் மட்டுமே வரும். அவர்கள் சோதித்த இடத்தில் கணக்கு சரியாக இருக்கிறது, சோதிக்காத இடத்தில் பிழை தங்கியிருக்கிறது. (இந்த இரண்டாவது திருத்தத்தை மஞ்சுளர் 932-ஆம் ஆண்டை ஒட்டிய தம் லகுமானசத்திலேயே கண்டு சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.)

வாக்கியத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் எவ்வளவு அழகான கருவி என்று பாருங்கள். சந்திரன் அண்மையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அண்மைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 248 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். முதல் வாக்கியமான "கீர்ந: ச்ரேய:" என்பதை, எழுத்துகளை எண்களாக்கும் கடபயாதி முறையில் பிரித்துத் தலைகீழாகப் படித்தால் பன்னிரண்டு பாகை மூன்று கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). மனப்பாடம் செய்துகொண்டால் ஏடு கூட வேண்டாம். 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரியின் முன்னால், தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனத்திலிருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்து மூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் மட்டுமே பிசகின. காகிதமும் எழுதுகோலும் இல்லாமல்!

ஆனால் இந்தக் கருவியைச் செய்தவர்களின் மரபில் வந்தவர்களே அதை மாற்றவும் தயங்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் அதே 248 வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை நுட்பமாக்கினார். நிளா ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய எண்கள் வானத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, 1431-இல் திருக்கணிதம் என்றே பெயரிட்டுப் புதிய முறையை எழுதினார். "திருக்" என்றால் பார்வை; கண்ணால் பார்த்துச் சரிபார்த்த கணிதம். திரு என்ற மங்கலச் சொல் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, பெயரே காட்டுவதுபோல், சோம வேள்வி செய்த வைதிகர். அவர் தம் ஜோதிர்மீமாம்சையில், தெய்வ அருள் என்பது கணியனின் அறிவைத் தெளிவாக்குவதே, எண்களைத் தெய்வம் கையில் கொடுத்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற பொருள்பட வாதிடுகிறார். சித்தாந்தம் (வானியல் கணித நூல்) பிசகினால் பார்த்துத் திருத்த வேண்டியது கணியனின் கடமை என்பது அவர் நிலை.

நம் சென்னையிலும் இது நடந்திருக்கிறது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-இல் லண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானவர். பகலில் ஆங்கிலேயர்களுக்கு அட்டவணை போட்டுக்கொடுத்த அதே மனிதர், சடங்குகள் சரியான நேரத்தில் நடக்க வேண்டும் என்ற அக்கறையோடு திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடுவதுபோல் ஒரு சிறு நூலைப் பல மொழிகளில் கொண்டுவந்தார். "அளந்து பார்க்கிறவனுக்குத் திதி எதற்கு" என்று அவரிடம் கேட்டிருந்தால், திதிக்காகத்தானே அளக்கிறேன் என்று சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

கோபுர நிழல் ஐயாவின் கடிகார உவமை நன்றாக இருந்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. இந்திய நேரம் தன்னைத் தஞ்சாவூரின் சூரியன் என்று சொல்லிக்கொள்வதில்லை. வாக்கியமோ சந்திரன் இங்கே இருக்கிறது, சனி இங்கே இருக்கிறது என்று சொல்கிறது. 2020 டிசம்பர் 21 அன்று மாலை மேற்கு வானில் வியாழனும் சனியும் முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஒட்டி நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாக்கியப்படி குரு நவம்பர் 15-ஆம் தேதியே மகரத்துக்குப் போய்விட்டார், சனியோ டிசம்பர் 27-இல்தான் வர வேண்டும். அதாவது கண்ணெதிரே ஒட்டி நின்ற இரண்டு கோள்களும் அன்று ஏட்டில் வெவ்வேறு ராசிகளில் இருந்தன. மாணவியின் கேள்விக்கு விடை இதுதான், ஆசிரியரே. அயனாம்ச வேறுபாடு ஒன்றிரண்டு பாகையை விளக்கும். 2023 டிசம்பரில் உண்மையான சனி ஏற்கெனவே கும்பத்தில் எட்டுப் பாகை கடந்திருந்தது என்பதை அது விளக்காது. பல நூற்றாண்டுகளாகத் திருத்தாமல் விட்டதால் சேர்ந்த பிழை அது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் இன்றைய கணிதத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வாசலில் நின்று எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் அறிவியல் வேண்டும், பார்க்க முடியாத இடத்தில் மரபு போதும் என்றால் அதை நம்பிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரமேசுவரர் நம்பிக்கையாளர். அவர் பார்த்தார்.

கேள்விக்குறி (மறுமொழி)

நாழிகை வட்டில் அவர்களின் பதிவு இந்தக் களத்தில் நான் படித்தவற்றில் சிறந்தவற்றுள் ஒன்று. அதனால்தான் அதன் முடிவோடு உடன்பட முடியாததைத் தெளிவாகச் சொல்லத் தோன்றுகிறது.

பரமேசுவரரும் ரகுநாதாச்சாரியும் காட்டுவது, சமய நம்பிக்கை உடைய ஒருவர் சிறந்த வானியலாளராக இருக்க முடியும் என்பதை. அதை யார் மறுத்தார்? ஒரே மனிதரின் தலைக்குள் இரண்டும் குடியிருப்பது வேறு, இரண்டும் ஒன்றையொன்று தாங்குவது வேறு. சந்திரன் இந்த நொடியில் சூரியனிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதை அறிவியல் சொல்லும். அந்தக் கோணத்தின்போது வைக்கப்படும் பிண்டம் ஒருவரைச் சென்றடைகிறது என்பதை அது சொல்லவில்லை. தேதியைத் துல்லியமாக்கிவிட்டால் கொள்கைக்கும் துல்லியம் வந்துவிடும் என்று நினைப்பது, தபால் தலையைச் சரியாக ஒட்டிவிட்டோம், ஆகவே அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று முடிவு செய்வது போன்றது.

சனிப்பெயர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பஞ்சாங்கக்காரர்களும் பதினொரு மாத இடைவெளியில் பலன் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் பலன் பலித்ததாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சனியின் இடம் எட்டுப் பாகை பிசகினாலும் பலன் பிசகவில்லை என்றால், பலனுக்கும் சனிக்கும் தொடர்பில்லை என்பதுதான் நேரடியான முடிவு. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தம் குழுவினருடன் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் நூறு பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நூறு பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு சோதிடருக்கும் நாற்பது கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். இருபத்தேழு சோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியாக வந்தவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

திருக்கணிதக்காரர்களும் தங்கள் அறிவியலை ஓர் எல்லைக்கு மேல் கொண்டுபோவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். உத்தராயணம் என்று சொல்லித் தை முதல் நாளில் இரண்டு பஞ்சாங்கமும் ஒன்றாகவே பொங்கல் வைக்கச் சொல்கின்றன. இருபத்து நான்கு நாள் பிசகு! மேகநாத சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு இதையெல்லாம் கணக்கிட்டுச் சொன்னது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல், சக ஆண்டைக் கொண்ட தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. இன்று சக ஆண்டின் எந்த மாதம் நடக்கிறது என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர் நண்பரே, உங்கள் கை நடுங்குவதை நான் ஏளனம் செய்யவில்லை. என் அம்மா இறந்த நாளில் நான் எந்தச் சடங்கும் செய்வதில்லை, ஆனால் அவர் வைக்கும் வத்தக்குழம்பை அன்று நானே வைக்கிறேன். அதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. நீங்கள் செய்வதும் நினைவுகூர்தல் என்றால் எந்த நாளும் சரியான நாள், முரண்பாடு ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து மணி நேரம் தவறினால் அப்பாவுக்குச் சேராது என்று நீங்கள் கருதுவீர்களானால், அது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அதற்கு நீங்கள் வகுப்பில் கேட்கும் அதே ஆதாரத்தைக் கேட்டாக வேண்டும். இரண்டில் எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சந்திரன் சொல்லாது.

தலைப்பிறை (மறுமொழி)

உங்கள் வீட்டுப் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடுகளிலும் இதே வழக்கு வேறு வடிவில் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது.

ரமலான் பிறை. பிறையைப் பார்த்து நோன்பு வையுங்கள், பிறையைப் பார்த்து நோன்பை விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பது நாளாக நிறைவு செய்யுங்கள் என்பது நபிமொழி. தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்பை எதிர்பார்ப்பவர்கள் உண்டு, உலகில் எங்கு தெரிந்தாலும் போதும் என்பவர்கள் உண்டு, கணிப்பே போதும் என்பவர்களும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடியதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். வாப்பாவுக்கு ஒரு நாள், மாமாவுக்கு மறுநாள். எங்களுக்கு இரண்டு நாளும் பிரியாணி.

ஆனால் உங்கள் வழக்குக்கும் எங்கள் வழக்குக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களிடம் சண்டை இரண்டு கணக்குகளுக்கு இடையில். ஒன்று பழையது, ஒன்று புதியது. எங்களிடம் கணக்குக்கும் காட்சிக்கும் இடையில். அமாவாசையின் நொடியை வானியல் நொடிக்கணக்கில் சொல்லிவிடுகிறது. சந்திரன் சூரியனிலிருந்து ஏறத்தாழ ஏழு பாகையாவது விலகாமல் பிறையே உருவாகாது என்றும் சொல்கிறது. ஆகவே இன்று எங்குமே பிறை தெரிய வாய்ப்பில்லை என்பதை அறிவியல் உறுதியாகக் கூறும். தெரிய வாய்ப்புள்ள நாளில் நாகப்பட்டினக் கடற்கரையில் மேகம் இருக்குமா, அங்கு நிற்பவர் கண்ணுக்குப் படுமா என்பதை அது கூறாது. மார்க்கம் கேட்டதும் அந்தக் கண்ணைத்தான் என்று என் வாப்பா சொல்வார். சந்திரன் எங்கே இருக்கிறது என்பது அவருக்குக் கேள்வியே அன்று.

அதே வாப்பா ஐந்து வேளைத் தொழுகைக்கும் சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையைத்தான் பார்ப்பார், அது முழுக்க முழுக்கக் கணிப்பு. நிழலின் நீளத்தை முற்றத்தில் யாரும் அளப்பதில்லை. கேட்டால் சிரிப்பார். நாழிகை வட்டில் சொன்ன கிரகணக் கதை எங்களிடமும் இருக்கிறது, ஆனால் தலைகீழாக: யாரும் பார்க்காத இடத்தில் கணக்கு, எல்லோரும் வானத்தைப் பார்க்கும் இடத்தில் கண். (ஆசிரியருக்கு வகுப்பில் பயன்படக்கூடிய ஒன்று: மே 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2:48-க்குச் சூரியன் மக்காவின் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்தால், நிழலுக்கு நேர் எதிர்த்திசைதான் நாங்கள் தொழும் திசையான கிப்லா. கோள வடிவ முக்கோணவியலை இதைவிட எளிதாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.)

கேள்விக்குறி நண்பர் நினைவுகூர்தலையும் கூற்றையும் பிரித்தது கூர்மையாக இருந்தது. ஆனால் கீழ்ப்படிதல் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நோன்பு எனக்கு நினைவுகூர்தலும் இல்லை, வானத்தைப் பற்றிய கூற்றும் இல்லை. சொன்னதைச் செய்கிறேன். அதைச் சோதனைக் குழாயில் வைக்க முடியாது. வைக்க முடியாதது எல்லாம் அறிவியலுக்கு எதிரானதும் ஆகாது.

நல்லூரடி (மறுமொழி)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் பத்திரிகைகள் வாக்கியப்படி ஒரு நேரத்தையும் திருக்கணிதப்படி இன்னொரு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்திலேயே அச்சிடும், புண்ணியகாலமும் இரண்டு. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு வீட்டில், மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் அடுத்த வீட்டில். என் அம்மம்மா இரண்டு புண்ணியகாலமும் ஒன்றோடொன்று கவியும் நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளிக்குள் எங்கள் எல்லோருடைய தலையிலும் மருத்துநீர் (மூலிகை நீர்) வைத்துவிடுவா. கவியாத ஆண்டில் இரண்டு தரம் வைப்பா. அவவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்ததில்லை. எனக்கு இது தீர்வாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவ கேள்வியையே கேட்கவில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சாக்பீஸ் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், கேள்விக்குறி நண்பருடையதையும் சேர்த்து. தபால் தலை உவமையைக் கேட்டு அண்ணன் சிரித்தார். கோபுர நிழல் ஐயாவின் ஐந்து நாழிகை, ஆறு நாழிகைக் கணக்கு எங்கள் புரோகிதருக்கும் தெரிந்திருந்தது.

அரை நிலவு வரும் நேரத்தை மாடியிலிருந்து பார்த்தே எது சரி என்று மாணவர்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று முதலில் நினைத்தேன், ஏனெனில் கோணம் சரியாகத் தொண்ணூறு பாகை ஆகும்போது அஷ்டமியின் நடுப்பகுதி. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஒளியும் இருளும் பிரியும் கோடு நேராக இருக்கிறதா என்பதை வெறுங்கண்ணால் ஐந்து மணி நேர நுட்பத்தில் சொல்ல முடியாது என்று தெரிந்து அதைக் கைவிட்டேன். பரமேசுவரர் ஏன் கிரகணங்களைப் பிடித்துக்கொண்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த கிரகணத்துக்குக் காத்திருக்கிறோம். அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நாழிகை வட்டில் அவர்களின் விளக்கத்தைப் படித்தபின் இன்னொன்றையும் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. அப்பா இறந்தது அதிகாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு. மருத்துவமனைச் சான்றிதழில் நேரம் இருக்கிறது. அன்றைக்கு அஷ்டமி என்று குறித்தவர் புரோகிதர், பார்த்தது வாக்கியம். அதே நாளை, அதே நேரத்தைத் திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்தேன். அஷ்டமி முடிந்து நவமி பிறந்து அப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியானால் நான் இத்தனை நாள் விடாப்பிடியாக நின்றது, வாக்கியம் கொடுத்த திதியைத் திருக்கணிதத்தில் தேடுவதற்காக. இரண்டு பஞ்சாங்கத்தில் எதை முழுமையாகப் பின்பற்றினாலும் என் தேதி வராது.

அண்ணனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், அன்று புரோகிதர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை அப்பாவின் கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். மஞ்சள் தடவிய மூலையோடு, அதில் அஷ்டமி என்றுதான் எழுதியிருக்கிறது. இந்த ஆண்டு அண்ணன் குறித்த நாளில் இருவரும் உட்கார்ந்தோம். நவமியைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.